மேல்காட்டை வெட்டிய இரண்டு நாள்

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே உன் போன் வந்தது. சித்திரை பிறக்கும் வாரம் ஊருக்கு வருகிறேன், கூட வேலை பார்க்கிற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவர்களுக்கு நம் மேல்காட்டைக் காட்டவேண்டும் என்றாய். நான் "வா மக்களே, அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மா கையில் கொடுத்தேன். அந்த இரண்டு பேரில் ஒருவனுடைய பெயரை மட்டும் நீ மூன்று தடவை சொன்னாய். மகளைப் பெற்றவன் நான், அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. நீ புனேயில் ரயிலுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உன் நம்பரை எடுத்தேன். போனில் நீ இடையிடையே கேள்வி கேட்பாய். கேள்வி வந்தால் நான் வேறு எதையாவது சொல்லி வெளியே வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ காட்ட நினைக்கிற மேல்காடு இப்போது இல்லை. இந்தப் பங்குனியோடு இரண்டு வருஷம் ஆகிறது. நீ ஊர்ப்பக்கம் வராத இந்த இரண்டு வருஷமும் நான் உனக்கு அனுப்பிய பூப்படங்களில் ஒன்றுகூட நம் நிலத்தில் எடுத்தது அல்ல. கீரிப்பாறை போகிற ரோட்டு ஓரத்திலும், சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் உள்ள சரிவிலும் எடுத்தவை. காட்டை வெட்டியது நான். மிருகம் அழிக்கவில்லை, தீ பிடிக்கவில்லை, யாரும் அத்துமீறி நுழையவில்லை. ஆள் பிடித்து, மிஷின் வாடகைக்கு எடுத்து, பக்கத்தில் நின்று வெட்டவைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு நான் யார் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் செக்கிங் பார்த்தவன் நான். ஏறுகிறவனின் கண்ணைப் பார்க்கமாட்டேன், கையைப் பார்ப்பேன். சட்டைப்பையைத் தடவுகிறானா, ஜன்னல் பக்கம் திரும்புகிறானா, தூங்குகிற மாதிரி இருக்கிறானா என்று பார்த்துப் பார்த்தே எனக்குச் சம்பளம் வந்தது. அந்தப் பார்வையை வேலையோடு கழற்றி வைக்கத் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பால்காரரை, சர்ச் கமிட்டிக்காரர்களை, என் கூடப்பிறந்த அக்காவை, எல்லாரையும் ஒரு தடவை சந்தேகப்பட்ட பிறகுதான் நம்பியிருக்கிறேன். சிலரை அதற்குப் பிறகும் நம்பவில்லை.

உன்னையும் விடவில்லை. நீ பிளஸ் டூ படிக்கும்போது தினமும் பிசிக்ஸ் புத்தகத்தை மட்டும் தனியாக ஒரு துணிப்பையில் வைத்து, அலமாரிக்கு மேலே ஏற்றி வைப்பாய். யாராவது தொட்டால் சத்தம் போடுவாய். ஒருநாள் நீ டியூஷனுக்குப் போனபோது நான் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்தேன். யாருடைய கடிதமோ இருக்கும் என்று நினைத்தேன். படிக்கும்போது கோபப்படக்கூடாது என்று என்னை நானே தயார்கூடப் பண்ணிக்கொண்டேன். பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பர் துண்டு, அதற்குள் காய்ந்த பூவும் இலையும். நூறாவது பக்கத்துக்கு அந்தப் பக்கம் பிசிக்ஸ் வாசித்த அடையாளமே இல்லை. எடுத்த மாதிரியே திரும்ப வைத்தேன். ஆனால் ஒரு பூ உடைந்துவிட்டது. நீ வந்து பார்த்துவிட்டு, எலி வந்திருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி அழுதாய். நான் கோட்டாறுக்குப் போய் எலிப்பொறி வாங்கிவந்து அலமாரிக்கு மேலே வைத்தேன். அந்தப் பொறி அங்கே ரொம்ப நாள் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். எலி நான்தான்.

தடிக்காரன்கோணத்துக்கு மேலே அந்த மூன்று ஏக்கரை வாங்கியபோது நீ மூன்றாம் வகுப்பு. கீழே இரண்டு ஏக்கர் ரப்பர். மேலே ஒரு ஏக்கர், பாறையும் ஓடையும் மரமுமாக, கத்தி படாமல் கிடந்தது. விற்றவர் அதை ஏன் அப்படிப் போட்டிருக்கிறார் என்று எனக்கு ஒரே யோசனை. ஏதோ வழக்கு இருக்கிறது, எல்லையில் தகராறு இருக்கிறது, அல்லது அங்கே யாரையாவது புதைத்திருக்கிறார்கள் என்று நினைத்து மூன்று தடவை தனியாகப் போய்ச் சுற்றிப்பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாறையில் ரப்பர் பிடிக்காது, அதனால் விட்டுவிட்டார், அவ்வளவுதான். நானும் விட்டுவிட்டேன். நீதான் அதை விடவில்லை. சனிக்கிழமை நான் நிலத்துக்குப் போகும்போதெல்லாம் கூட வருவாய். பங்குனியில் கொன்றை பூத்துத் தொங்கும். காயா மரத்தில் இலை தெரியாமல் நீலப்பூ அப்பிக் கிடக்கும். தெச்சி சிவந்து நிற்கும். அதெல்லாம் எனக்கும் தெரிந்த பூதான். நீ பார்த்தது அதை அல்ல. பாறை இடுக்கில் நகக்கண் அளவுக்கு ஏதோ ஒன்று பூத்திருக்கும். குப்புறப் படுத்து அதைப் பார்ப்பாய். பெயர் தெரியாததற்கெல்லாம் நீயே பெயர் வைத்து ஒரு நோட்டில் எழுதினாய். ஒன்று குட்டிக் கம்மல். ஒன்று எலிக்காது. காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் தலையைத் தொங்கப் போட்டுவிடும் ஒன்றுக்கு அழுமூஞ்சி. "அப்பா, இன்னைக்கு அழுமூஞ்சி பதினொண்ணு" என்று எண்ணிச் சொல்லுவாய். நான் ரப்பர் ஷீட்டை எண்ணிக்கொண்டே ம் என்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நம்மிடம் பதினாலு வருஷமாக ரப்பர் பால்வெட்டு பார்த்த வேலப்பன் வாளியோடு இறங்கி வந்து சொன்னான்.

"சார், மேல ரெண்டு பேரு நிக்காங்க. செடிய எல்லாம் போட்டோ எடுக்காங்க."

"யாரக் கேட்டு எடுக்காங்க?"

"கேட்டேன். வீட்டுக்காரங்க அனுமதி இருக்குன்னு சொல்லுதாங்க."

வீட்டுக்காரன் நான். நான் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. மேலே ஏறிப் போனேன். தொப்பி போட்ட ஒரு அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் கேமரா. கூட ஒரு இளந்தாரி, கையில் போன் மாதிரி ஒரு கருவியை வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வணக்கம் சார். நான் நாகர்கோவில்ல காலேஜ் டீச்சராக்கும். பாட்டனி. இங்க உள்ள செடி எல்லாத்தையும் ஒரு லிஸ்ட் எடுக்கோம்."

"யாரு அனுப்பினா?"

அந்த டீச்சர் லேசாகச் சிரித்தார். "உங்களுக்கு வேண்டியவங்கதான் சார். இப்ப பேரு சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கொஞ்ச நாள்ல உங்களுக்கே தெரியும்."

மக்களே, டிக்கெட் இல்லாதவன்தான் முதலில் சிரிப்பான். முப்பது வருஷத்தில் நான் கண்டது அது. அவர்கள் வந்த ஸ்கூட்டரின் நம்பரைக் கையில் எழுதிக்கொண்டேன். டீச்சர் தன் போன் நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை பக்கத்து வீட்டு போனிலிருந்து அந்த நம்பருக்குப் பேசினேன். கூரியர் வந்திருக்கிறது, எந்த ஆபீஸ் என்று கேட்டேன். காலேஜ் ஸ்டாஃப் ரூம் என்று பதில் வந்தது. நிஜமாகவே டீச்சர்தான். அதோடு என் மனசு ஆறியிருக்கவேண்டும். ஆறவில்லை. டீச்சருக்கு என் நிலத்தில் என்ன வேலை, வானத்தைப் பார்க்கிற கருவி எதற்கு, பெயரை ஏன் மறைக்கவேண்டும் என்றுதான் போனது.

அந்த மாதம் ஜங்ஷன் டீக்கடையில் ஒரே பேச்சு. மலையடிவாரத்தில் யாருடைய நிலமாவது காடு என்று சர்க்கார் எழுத்தில் ஏறிவிட்டால், பிறகு விற்கவும் முடியாது, ஒரு கம்பு வெட்டவும் முடியாதாம். அப்படி மாட்டிக்கொண்ட ஒருவர் மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்க முடியாமல் நிற்கிறாராம். அந்த ஒருவர் யார், எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மற்ற விஷயத்தில் எல்லாம் ஆதாரம் கேட்கிற நான் இதில் கேட்கவில்லை. பயமுறுத்துகிற பேச்சை மட்டும் நான் டிக்கெட் கேட்காமல் ஏற்றிக்கொள்வேன். உனக்கு ஒன்று சொல்லவேண்டும் என்றால் இதைச் சொல்லுவேன்: சந்தேகப்படுகிறவன் ரொம்ப விவரமானவன் என்று நீ நினைக்காதே. அவன் ஒரு பக்கத்தை மட்டும்தான் சந்தேகப்படுவான்.

இரண்டு வாரம் கழித்து, நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக முட்டம் போயிருந்த நாளில், அவர்கள் திரும்ப வந்திருக்கிறார்கள். மறுநாள் நான் மேலே போனால் மரத்துக்கு மரம் சிவப்பு நாடா. செடிகளுக்குப் பக்கத்தில் சின்னக் குச்சி நட்டு, அதிலும் நாடா. ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்துண்டு. அளந்துவிட்டார்கள், குறித்துவிட்டார்கள், இனி நோட்டீஸ்தான் பாக்கி என்று நினைத்தேன். அந்தத் துண்டுகளில் ஒன்றையாவது அப்போதே படித்திருக்கலாம். கண்ணாடியும் சட்டைப்பையில்தான் இருந்தது. படிக்கவில்லை.

அந்த வாரம்தான் உன் அம்மாவுக்கு நெய்யூரில் கண் ஆபரேஷன். நாலு நாள் அங்கே இருந்தாள். "அப்பா, எப்பவும்போல பக்கத்துலதான் இருந்தீங்களா?" என்று நீ அன்றைக்குக் கேட்டாய், இருந்தேன் என்றேன். அதுவும் பொய். அம்மாவைச் சேர்த்துவிட்டு, துணைக்கு என் அக்காவை வைத்துவிட்டு, ரப்பருக்கு மருந்தடிக்க ஆள் வருகிறது என்று சொல்லி நான் வந்துவிட்டேன். மறுநாள் காலை இரண்டு ஆள், ஒரு மரம் அறுக்கிற மிஷின், ஒரு காடு வெட்டுகிற மிஷின். வேலப்பனையும் கூப்பிட்டேன். அவன் மேலே வந்து, கத்தியைக் கையில் எடுக்காமல் நின்றான்.

"சார், பூத்துல்லா நிக்கி. பூ கொட்டட்டு, பெறவு வெட்டலாமே."

"பூ கொட்டும்போ அவங்க வந்துருவாங்க."

"எவங்க சார்?"

"உனக்குத் தெரியாது வேலப்பா."

"எனக்குத் தெரியாதுதான். இதுல மட்டும் நான் கத்தி வைக்கமாட்டேன். கீழ வேல இருந்தா சொல்லுங்க." அப்படிச் சொன்னானே தவிர அவன் கீழே போகவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. யாருக்கோ சொல்வதற்காகப் பார்க்கிறான் என்று தோன்றியது.

இரண்டு நாளில் முடிந்துவிட்டது. அத்தனை வருஷம் நின்றது இரண்டு நாளில் முடியும் என்று நானே நினைக்கவில்லை. கொன்றை விழும்போது சத்தம் பெரிதாக இல்லை, பூ நிறைய இருந்ததாலோ என்னவோ. மரத்தோடு ஒட்டி வளர்கிற, நீ நரிவால் என்று சொல்லுவாயே, அது மொட்டு விட்டிருந்தது. மரம் சாய்ந்ததும் அதுவும் அடியில் போய்விட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் சருகைக் கூட்டித் தீ வைக்கும்போது, நாடாக்களையும் பொறுக்கித் தீயில் போட்டேன். அப்போதுதான் ஒரு துண்டைப் படித்தேன். பேனாவால் எழுதியிருந்தது: "அழுமூஞ்சி. பாறைக்கு வடக்கு. சரியான பெயர் பார்க்கவேண்டும்."

உலகத்தில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் நீ, நான், அம்மா, மூன்று பேர்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். மீதித் துண்டுகளைப் பார்த்தேன். குட்டிக் கம்மல் இருந்தது. எலிக்காது இருந்தது. நீ பள்ளியில் எழுதிய நோட்டைத்தான் அந்த டீச்சர் கையில் வைத்துக்கொண்டு மேலே சுற்றியிருக்கிறார். அனுப்பியது நீ. என்னிடம் சொன்னால் நான் சந்தேகப்படுவேன் என்றுதான் சொல்லாமல் அனுப்பினாய் என்பதை நான் இந்த வருஷம்தான் டீச்சர் சொல்லித் தெரிந்துகொண்டேன். எங்கள் கல்யாண நாளுக்கு, மேல்காட்டில் உள்ள எல்லாச் செடிகளையும் படத்தோடு ஒரு புத்தகமாகக் கட்டி எங்கள் கையில் கொடுக்க நினைத்தாயாம்.

அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, கட்டுப் பிரித்த பிறகு, மேலே வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பல காரணம் சொல்லித் தடுத்துப்பார்த்தேன். நடக்கவில்லை. ஏறி வந்து கரிந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரப்பர் கன்று நட ஏற்கெனவே குழி எடுத்திருந்தேன்.

"இந்தக் கண்ணத் தொறந்து பாக்கதுக்கு இதுதானா கெடச்சுது?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். இறங்கும்போது நான் கை கொடுத்தேன், பிடிக்கவில்லை. அன்றைக்கே உன்னிடம் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவள் சொல்லவில்லை. "நீங்க செஞ்சத நீங்கதான் சொல்லணும். நானா சொல்லமாட்டேன். அவ கேட்டா பொய்யும் சொல்லமாட்டேன்" என்றாள். அதன் பிறகு நீ போன் பண்ணும்போதெல்லாம், நீ எதைக் கேட்கிறாய், அவள் என்ன பதில் சொல்லுகிறாள் என்று அடுத்த அறையில் நின்று கேட்பதே எனக்கு வேலையாகிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு உன் அம்மாவுக்கும் நான் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனேன்.

அந்தச் சித்திரையில் நீ கேட்டாய், "அப்பா, கொன்றை பூத்தாச்சா? போட்டோ அனுப்புங்க." நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீரிப்பாறை ரோட்டுக்குப் போனேன். "யாராவது மேல்காடு பாக்க வந்தாங்களாப்பா?" என்றும் கேட்டாய். யாரும் வரவில்லை என்றேன். டீச்சருக்கு அதற்கு முன்பே போன் பண்ணி, வேலை நடக்கிறது, இனி வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நீ மேற்கொண்டு கேட்கவில்லை. படத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு இதயம் அனுப்பினாய். இனி பிரச்சினை இல்லை என்று நினைத்தேன்.

போன வருஷம் அனுப்பிய படத்துக்கு இதயம் வரவில்லை. "அப்பா, இந்தக் கொன்றை பாறைக்கு எந்தப் பக்கம்?" என்று ஒரு வரி வந்தது. கிழக்குப் பக்கம் என்று எழுதினேன். நீ "சரிப்பா" என்றாய். அந்த "சரிப்பா"வை நான் எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் என்று தெரியாது. இவளுக்குத் தெரிந்துவிட்டது, யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தோன்றியது. அம்மா சொல்லவில்லை என்றால் மிச்சம் இருப்பது யார்? மறுநாள் காலை வேலப்பன் பால் வெட்டிக்கொண்டு இருக்கும்போதே போய்க் கேட்டேன்.

"எம் மக்ககிட்ட என்ன சொன்ன?"

"நான் என்ன சொன்னேன்?"

"மேல்காட்டப் பத்தி. உனக்கு அவ நம்பர் தெரியுமில்லா."

அவன் கத்தியைத் துடைத்தான். "சார், பாப்பா சின்னதுல இருந்து எனக்குத் தெரியும். சொல்லணும்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன்." பிறகு மீதி மரங்களிலும் பால் வெட்டி முடித்து, பாலை எடுத்து ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. வேலப்பனுக்கு இடுப்புவலி, அதனால் நின்றுவிட்டான் என்று உன்னிடம் சொன்னேன் பார், அவனுக்கு எந்த வலியும் கிடையாது.

மேலே நட்ட ரப்பர் கன்று ஒன்றும் தேறவில்லை. விற்றவர் விட்டுவைத்ததற்கு என்ன காரணமோ அதே காரணம். பாறையில் வேர் இறங்காமல் முதல் கோடையிலேயே காய்ந்தன. நிழல் போன இடத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களை ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. இந்த இரண்டு வருஷத்தில் நான் தினமும் மேலே போகிறேன் என்று சொன்னால் நம்புவாயா தெரியவில்லை. எதைப் பிடுங்க, எதை விட என்று எனக்குத் தெரியாது. முளைக்கிற ஒவ்வொன்றையும் இது கள்ளனா நல்லவனா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். வெட்டிய கொன்றையின் அடிக்குற்றியிலிருந்து தளிர் வந்தது எனக்குத் தெரிந்தது. மற்றது தெரியவில்லை. கடைசியில் இந்தத் தை மாதம் நாகர்கோவிலுக்குப் போய் அந்த டீச்சரைத் தேடிக் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கூரியர் என்று பேசியதைக்கூடச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, மேஜை டிராயரைத் திறந்து அந்த லிஸ்டை எடுத்தார். அந்தச் சனிக்கிழமையே வந்தார்.

காலையிலிருந்து சாயங்காலம்வரை இரண்டு பேரும் மேலே இருந்தோம். லிஸ்டில் எழுபத்திரண்டு பெயர். திரும்ப வந்திருப்பதற்கு எதிரே அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டார். காயா மூன்று இடத்தில் துளிர்த்திருக்கிறது. தெச்சி இருக்கிறது. நிலப்பனையைக் காட்டி, கிழங்கு அடியில் இருந்ததால் தப்பித்தது என்றார். நரிவால் வராது, அது ஏறி இருக்க மரம் இல்லை. அழுமூஞ்சி இருந்த இடத்தில்தான் நாங்கள் தீ வைத்திருந்தோம். இருபத்தாறு கோடு விழுந்தது. எதையெல்லாம் நான் பிடுங்கவேண்டும் என்று படம் வரைந்து கொடுத்தார். அந்த லிஸ்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். போகும்போது கேட்டேன், "செடிக்குப் பேரு எழுதி வச்சா நிலம் கைய விட்டுப் போயிராதே டீச்சர்?" போகாது சார் என்றார். முக்கால்வாசி நம்புகிறேன். இன்னொன்றும் கேட்டேன். "எம் மக்களுக்கு இது தெரியுமா?"

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "அத நீங்க அவகிட்டயே கேளுங்க சார்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அதே யோசனை. உனக்குத் தெரியும் என்றால், தெரிந்துகொண்டே என் பொய்ப்படங்களுக்குப் பதில் அனுப்பியிருக்கிறாய். தெரிந்துகொண்டே இப்போது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாய், நான் என்ன செய்கிறேன் பார்ப்போம் என்று. தெரியாது என்றால், நீ ஆசையோடு வருகிறாய். எதுவாக இருந்தாலும் எனக்கு ஒளிய இடமில்லை. பார், இதிலும் உன்னைச் சந்தேகப்பட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வேலப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன், உட்காரச் சொன்னான். அவனைச் சந்தேகப்பட்டுக் கேட்டது என் தப்பு என்றேன். அவன் "பாப்பா எப்ப வருது?" என்று கேட்டான். பால் விடாத கட்டன்சாயா தந்தான். திரும்ப வேலைக்கு வருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ உன் வேலையில் நிறையப் பேரோடு பழகுகிறாய். நாளைக்கு ஒரு குடும்பம் என்று ஆகும். யாரையும் சந்தேகப்படாதே என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். சந்தேகம் வந்தால் அன்றைக்கே, அந்த ஆளிடமே, வாய் திறந்து கேட்டுவிடு. நம்பர் குறிக்காதே. பக்கத்து வீட்டு போனிலிருந்து பேசாதே. எனக்கு ஒரு போன் செய்யப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

இவ்வளவும் எழுதி முடித்து, தபாலில் போடுவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். படித்துவிட்டு மடித்தாள்.

"எல்லாம் செரி. அந்தத் துண்ட எப்ப படிச்சிய?"

"ரெண்டாம் நாள் சாயங்காலம். எழுதியிருக்கேனே."

"வேலப்பன் அப்படிச் சொல்லலியே" என்றாள். "நான் கேட்டேன், அவன் சொன்னான். எப்பவோ சொல்லியாச்சு."

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று நினைத்தேன். வேறு எழுதினால் அதில் இன்னும் நன்றாகப் பொய் சொல்லிவிடுவேன். அதனால் மேலே எழுதியது அப்படியே இருக்கட்டும். உண்மையை இங்கே எழுதுகிறேன். படித்த பிறகு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

நான் அந்தத் துண்டைப் படித்தது முதல் நாள் மத்தியானம். ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மிஷின் நின்றிருந்தது. அதுவரை ஓடைக்கரைப் புதர் மட்டும்தான் வெட்டியிருந்தது. கொன்றை நின்றது. காயா நின்றது. பாறைப்பக்கம் யாரும் கால் வைக்கவில்லை. காற்றில் ஒரு நாடா அவிழ்ந்து என் காலடியில் வந்து விழுந்தது, எடுத்துப் படித்தேன். அழுமூஞ்சி. படித்த அந்த நொடியே நீதான் என்று தெரிந்துவிட்டது. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். வேலப்பன் அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். போன் என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் என் மனசு என்ன சொன்னது தெரியுமா மக்களே? என் மகளே எனக்குத் தெரியாமல் ஆள் விட்டு என் நிலத்தை அளக்கிறாள் என்றது. எதற்கு? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நிலத்தைக் கேட்கப்போகிறாளா? நீ எனக்கு ஏதாவது தருவதற்காக ஒன்றை மறைத்திருக்கலாம் என்று அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஆட்கள் கை கழுவிவிட்டு வந்தார்கள். மிஷின் வைத்திருந்தவன் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், இனி கொன்றைதானே?" என்று கேட்டான்.

நான் "ஆமா" என்றேன்.

அப்பா